வீட்டில் பூச்செடி: முதல் மொட்டு வரும்வரை செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

என் முதல் மல்லிச் செடி தண்ணீர் இல்லாமல் சாகவில்லை, தண்ணீரால்தான் செத்தது. காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு, நடுவில் அந்தப் பக்கம் போகும்போது "பாவம், வாடியிருக்கே" என்று இன்னொரு சொம்பு. பத்தாம் நாள் இலை மஞ்சளானது, உரம் போட்டேன். பதினைந்தாம் நாள் இலை கொட்டியது, மருந்து அடித்தேன். இருபதாம் நாள் தண்டைப் பிடித்து லேசாக இழுத்தேன். வேர் என்று சொல்ல எதுவும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடித்தண்டு கொழகொழவென்று இருந்தது, மண்ணில் சாக்கடை வாடை.

புதிதாகச் செடி வைக்கிறவர்கள் பெரும்பாலும் அக்கறை காட்டியே செடியைக் கொல்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் "இதைச் செய்யுங்கள்" என்பதைவிட "கொஞ்சம் பொறுங்கள்" என்பது அதிகமாக வரும்.

முதலில் வெயிலைப் பாருங்கள்

செடி வாங்கப் போவதற்கு முன், எங்கே வைக்கப்போகிறீர்களோ அங்கே ஒரே நாளில் மூன்று முறை போய் நில்லுங்கள்: காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி. வெயில் நேராக எத்தனை மணி நேரம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் வேறு, வெயில் வேறு. நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் பால்கனியில் நேர் வெயில் அரை மணி நேரம்கூட விழாமல் இருக்கலாம். வெயில் விழும் இடம் பருவத்துக்குப் பருவம் நகரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரோஜா, மல்லி, செம்பருத்தி, செண்டுமல்லி, பத்து மணிப் பூ எல்லாம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் கேட்பவை. மூன்று, நான்கு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் காசித்தும்பை ஒத்துவரும். வெயிலே இல்லை, வெளிச்சம் மட்டும்தான் என்றால் அந்தூரியம், பீஸ் லில்லி. அடம்பிடித்து நிழலில் ரோஜா வைத்தால் உடனே சாகாது. நெடுநெடுவென்று வளரும், வெளுத்த இலை விடும், பூ மட்டும் வராது. அதை ஒரு வருஷம் பார்த்துக்கொண்டிருப்பது செத்துப்போவதைவிடக் கொடுமை.

குழந்தைகளோ நாய், பூனையோ இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அரளியும் நித்தியகல்யாணியும் எல்லாப் பாகமும் நஞ்சு. பீஸ் லில்லியைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரியும். ஆசியாட்டிக் லில்லி, ஈஸ்டர் லில்லி போன்ற அசல் லில்லி வகைகள் பூனையின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

ஒரு செடி, மிஞ்சிப்போனால் இரண்டு

நாற்றுப்பண்ணைக்குள் நுழைந்தால் கை நிற்காது. எனக்கும் நின்றதில்லை. ஆனால் முதல் தடவை இரண்டுக்கு மேல் வேண்டாம். பத்துச் செடி இருந்தால் தண்ணீர் ஊற்றத்தான் நேரம் இருக்கும், பார்க்க இருக்காது.

என் தேர்வு: விதையிலிருந்து ஒன்று, வளர்ந்த செடியாக ஒன்று. விதைக்கு செண்டுமல்லி. நான்கு முதல் ஏழு நாளில் முளைக்கும், விதைத்து இரண்டு மாத அளவில் பூக்கும், சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். வளர்ந்த செடிக்கு செம்பருத்தி அல்லது மல்லி. ரோஜா இரண்டாம் வருஷத்துக்கு. (இந்த அறிவுரையை யாரும் கேட்பதில்லை என்று தெரியும். அதனால் ரோஜாவுக்கும் கீழே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.)

வாங்கும்போது நிறையப் பூத்திருக்கும் செடியை எடுக்காதீர்கள். மொட்டும் துளிரும் உள்ளதை எடுங்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளைப் பஞ்சோ பிசுபிசுப்போ இருந்தால் வைத்துவிடுங்கள். பையின் அடியில் வேர் எட்டிப் பார்த்தால் பரவாயில்லை, கெட்டியாகச் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தால் வேண்டாம்.

தொட்டியும் மண்ணும்

செண்டுமல்லிக்கு 8 அங்குலத் தொட்டி போதும். செம்பருத்தி, மல்லி, ரோஜாவுக்கு 12 அங்குலம். மண் தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை வெளியேற்றும், அதனால் கை தாராளமாக இருப்பவர்களுக்கு அது நல்லது. பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஊற்ற மறக்கிறவர்களுக்கு ஏற்றது. எதுவானாலும் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். நனைந்த மண்ணோடு ஒரு 12 அங்குலத் தொட்டி 20 கிலோவைத் தாண்டும், ஆகவே கைப்பிடிச் சுவர்மேல் வைக்கும் யோசனையே வேண்டாம்.

மண் கலவை எளிது: தோட்ட மண் இரண்டு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழு உரமோ ஒரு பங்கு, மணலோ தென்னை நார்க்கழிவோ ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். கலவையைக் கையில் இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், விரலால் தட்டினால் உதிரணும்.

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் சொல்வார்கள். நானும் போட்டிருக்கிறேன். உண்மையில் அது உதவாது. பொடி மண்ணிலிருந்து பெரிய கற்களுக்குள் தண்ணீர் சுலபமாக இறங்காது. மேலே உள்ள மண் முழுக்கச் சொதசொதவென்று ஆன பிறகுதான் இறங்கும். ஜல்லி எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்கு அந்தச் சொதசொதப்பு வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஓட்டைமேல் ஒரு வலைத்துண்டு, அதன்மேல் நேராக மண். அவ்வளவுதான்.

நட்ட பிறகு ஒரு வாரம் சும்மா இருங்கள்

வாங்கி வந்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள். நிழலில் நான்கைந்து நாள் இருக்கட்டும், இடம் பழகட்டும். பிறகு ஒரு மாலை நேரத்தில் பையை உருவி இழுக்காமல் பிளேடால் கீறிப் பிரித்து, வேர் உருண்டை உடையாமல் நடுங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம் தொட்டியிலும். விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் காலியாக விடுங்கள், தண்ணீர் நிற்க இடம் வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். சில செடிகளை, குறிப்பாக ரோஜாவை, கல் மாதிரி இறுகிய களிமண் உருண்டையோடு விற்பார்கள். அதை அப்படியே நட்டால் சுற்றியுள்ள மண்தான் நனையும், உருண்டைக்குள் தண்ணீர் போகாது. ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து வெளிக் களிமண்ணை விரலால் கரைத்துவிட்டு நடுங்கள்.

நட்டதும் ஓட்டை வழியே வடியும்வரை தண்ணீர். திரும்பவும் நிழலில் ஒரு வாரம். இந்த வாரத்தில் இலை உதிரும், சில மொட்டும் உதிரும். இடம் மாறிய அதிர்ச்சி அது. உரம், மருந்து என்று எதையும் எடுக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு உரமே வேண்டாம்.

தண்ணீர்: ஆள்காட்டி விரல்தான் கருவி

எத்தனை நாளுக்கு ஒரு தடவை ஊற்ற வேண்டும் என்று கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. வெயில், காற்று, தொட்டி, செடி எல்லாவற்றையும் பொறுத்தது. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் திரும்பிப் போய்விடுங்கள். காய்ந்திருந்தால் வடியும்வரை ஊற்றுங்கள். தினமும் அரை டம்ளர் தெளிப்பது மோசமான பழக்கம்: மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே தங்கும், ஒரு நாள் மறந்தால் போதும், செடி சுருண்டுவிடும்.

புதியவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. தண்ணீர் போதாத செடியும் வாடும், தண்ணீர் மிஞ்சிய செடியும் வாடும். வேருக்கு மண்ணில் காற்றும் வேண்டும். இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பிவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே தண்ணீருக்கு நடுவிலேயே செடி தாகத்தில் வாடும். நாம் அதைப் பார்த்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். என் மல்லியின் கதை அதுதான். அதனால் வாடிய செடியைப் பார்த்ததும் சொம்பை எடுக்காதீர்கள், விரலை விடுங்கள். நண்பகலில் மட்டும் வாடி மாலையில் தானே நிமிர்ந்தால் அது வெயிலின் சோர்வு, விட்டுவிடலாம்.

காலையில், இலையை நனைக்காமல், வேரடியில் ஊற்றுங்கள். ரோஜா இலையில் வரும் கரும்புள்ளி நோய்க்குக் காரணமான பூஞ்சைக்கு, இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமாக இருந்தால்தான் முளைத்து உள்ளே போக முடியும். காலையில் நனைந்தது வெயிலில் காய்ந்துவிடும். மாலையில் நனைந்தது இரவு முழுக்க ஈரமாகவே இருக்கும்.

காகிதப்பூ வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிர்ப் பாடம். நன்றாகத் தண்ணீர் காட்டினால் இலையாகத் தழைக்கும். கொஞ்சம் காயப்போட்டால்தான் நிறம் கொட்டும். அந்த நிறம் பூவும் இல்லை. பூவை மூடியிருக்கும் இலைகள். நடுவில் தீக்குச்சித் தலை அளவில் வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் பூ. நான் இதைத் தெரிந்துகொள்வதற்கு முன் மூன்று வருஷம் காகிதப்பூ வளர்த்திருந்தேன்.

கிள்ளுங்கள், மனசு கேட்காவிட்டாலும்

செண்டுமல்லி நாற்று அரை அடி உயரம் வந்ததும் அதன் உச்சிக் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். முதல் மொட்டு அந்த உச்சியில்தான் பட்டாணி அளவுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் போய்க் கிள்ளுவதா? கிள்ளத்தான் வேண்டும். உச்சி இருக்கும்வரை பக்கக் கிளைகளை அது தலையெடுக்க விடாது. கிள்ளிய ஒரு வாரத்தில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பக்கமும் துளிர் வரும். ஒரு பூவுக்குப் பதில் பத்துப் பதினைந்து பூ. நான் ஒரே நாளில் விதைத்த இரண்டு செடிகளில் ஒன்றைக் கிள்ளி, ஒன்றை மனசு வராமல் விட்டேன். விட்டது முதலில் பூத்தது, உண்மைதான். அப்புறம் காற்றில் சாய்ந்தது. கிள்ளியது இரண்டு வாரம் தாமதமாகப் பூத்து மூன்று மாதம் ஓயவில்லை.

மல்லியும் அப்படியே. பூத்து ஓய்ந்த கிளையை முனையில் வெட்டிவிட்டால் புதுத்துளிர் வரும், அந்தத் துளிரின் நுனியில்தான் மொட்டு. பெரும்பாலும் மூன்று மொட்டாகக் கட்டும், நடுவில் இருப்பது முந்திக்கொள்ளும். சாயங்காலம் வெள்ளையாக உப்பி நிற்கும் மொட்டு, நீங்கள் வேறு வேலையில் இருக்கும்போது இருட்டில் விரிந்துவிடும். வாசம் வந்த பிறகுதான் எழுந்து போய்ப் பார்ப்போம்.

வாடிய பூவைச் செடியிலேயே விடாதீர்கள். செடி பூப்பதே விதைக்காக. விதை கட்டத் தொடங்கிவிட்டால் அதன் சத்தெல்லாம் அங்கே போகும், அடுத்த மொட்டு குறையும்.

ரோஜா கேட்டவர்களுக்கு

நாம் வாங்கும் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. கீழே வேர் ஒரு காட்டு ரோஜாவுடையது, மேலே கிளை நாம் விரும்பிய ரகம். இரண்டும் சேரும் இடம் தண்டின் அடியில் முடிச்சு மாதிரி புடைத்திருக்கும். நடும்போது அந்த முடிச்சை மண்ணுக்கு மேலே வைத்தால் அதற்குக் கீழிருந்து வரும் துளிரை எளிதாக அடையாளம் காணலாம். (கடுங்குளிர் வரும் ஊர்களில் அதை மண்ணுக்குள் புதைத்துக் காப்பாற்றுவார்கள்.)

என் சிவப்பு ரோஜா ஒரு கோடையில் சோர்ந்துபோய் நின்றது. திடீரென்று அடியிலிருந்து பச்சைப்பசேலென்று ஒரு கிளை கிளம்பியது. வாரத்துக்கு ஒரு சாண் வளர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், குச்சி நட்டுக் கட்டிவிட்டேன், கூடுதலாக உரம் வைத்தேன். அடுத்த வருஷம் அதில் பூ வந்தது: விரல்நகம் அகலத்தில், வெள்ளையாக, கொத்துக்கொத்தாக. மேலே இருந்த சிவப்பு ரோஜா அதற்குள் காய்ந்த குச்சியாகிவிட்டது. முடிச்சுக்குக் கீழிருந்து வந்த காட்டு ரோஜாவுக்குத்தான் அத்தனை நாளும் சோறு போட்டிருக்கிறேன்.

அப்படி ஒரு கிளை வந்தால் முளைக்கும் இடத்தோடு சேர்த்துப் பிய்த்து எடுங்கள். வெட்டினால் திரும்ப வரும். இலையில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டு ரோஜா என்று ஒரு கணக்கு சொல்வார்கள்; எப்போதும் சரியாக வராது. எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள், அதுதான் நிச்சயம்.

கவாத்துக்கு, வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, கூரான கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள். துளிர் வெளிப்பக்கமாக வளரும், நடுவில் காற்றோட்டம் இருக்கும். வெட்டியதிலிருந்து பூ வர ஆறேழு வாரம் ஆகும். நாட்காட்டியில் தேதி எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் வாரமே உரப் பையைத் தேடுவீர்கள்.

இலை மட்டும் வருகிறது, பூ வரவில்லை

உர மூட்டையில் மூன்று எண் இருக்கும்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. முதல் எண் மிஞ்சினால் இலைதான் வரும். கண்ணுக்கு நிறைவாக, கரும்பச்சையாக, பூவே இல்லாமல் நிற்கும் செடிக்கு இன்னும் உரம் போடுவது வீண். 12 அங்குலத் தொட்டிக்கு மாதம் ஒரு தடவை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். ரசாயன உரமாக இருந்தால் பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி, அதுவும் ஈர மண்ணில் மட்டும். மண்மேல் வெள்ளைப் படலம் பூத்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். நிறையத் தண்ணீர் விட்டு அலசி வடியவிடுங்கள்.

சாமந்தி பூக்காததற்கு வேறு காரணம் இருக்கலாம். இரவு நீண்டால்தான் அது மொட்டுக் கட்டும். செடிகள் பகல், இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கின்றன என்பதை 1920இல் கார்னர், ஆலர்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலையையும் சோயாவையும் இருட்டறையில் வைத்து எடுத்துக் காட்டினார்கள். எனக்கு அது தெரியாது. என் சாமந்தித் தொட்டி வராந்தா விளக்குக்கு நேர் கீழே இருந்தது, விளக்கு விடியும்வரை எரியும். செடியைப் பொறுத்தவரை இரவு என்று ஒன்று வரவே இல்லை. தொட்டியை மூலைக்கு நகர்த்தினேன், வேறொன்றும் செய்யவில்லை. சில வாரத்தில் மொட்டு வைத்தது.

செம்பருத்தியில் மொட்டு மஞ்சளாகி உதிர்கிறதா? முதல் சந்தேகம் தண்ணீர்மேல்: ஒரு நாள் காய்ந்து, மறுநாள் குளமாகிறதா என்று பாருங்கள். அடுத்து, உதிர்ந்த மொட்டு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சின்னப் புழு நெளிந்தால், உதிரும் மொட்டையெல்லாம் தினமும் பொறுக்கிக் கட்டி எறிய வேண்டும். மண்ணில் விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூண்டு கட்டி ஈயாகத் திரும்பி வரும். செம்பருத்திப் பூ ஒரு நாள்தான் நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் விரிந்தது மாலையில் சுருண்டால் அது நோய் இல்லை.

பூச்சி வந்தால்

வரும். வராத வீடு இல்லை.

தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே அசுவினியோ (துளிர் நுனியில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) மாவுப்பூச்சியோ இருக்கிறது. அவை கசியவிடும் இனிப்புக்காகத்தான் எறும்பு போகிறது. அசுவினி துணையே இல்லாமல் குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நாலு இருந்தது அடுத்த ஞாயிறு நானூறு ஆகிறது. முதல் வைத்தியம் தண்ணீர்தான்: நுனியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு பீய்ச்சி அடியுங்கள், மூன்று நாள் விடாமல். மாவுப்பூச்சி கொஞ்சமாக இருந்தால் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டு எடுங்கள்.

அடங்காவிட்டால் வேப்ப எண்ணெய். 5 மில்லி எண்ணெயில் சில சொட்டு சோப்புத் திரவம் விட்டுக் கலக்கி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீர். மாலையில், இலையின் அடிப்பக்கம் படும்படி. முதலில் ஒரே ஓர் இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள். நான் ஒரு தடவை "சீக்கிரம் முடிச்சிடலாம்" என்று நண்பகலில் அடித்தேன். மறுநாள் பூச்சியும் செத்திருந்தது, இலையும் தீய்ந்திருந்தது. விரிந்த பூவில் அடிக்காதீர்கள், தேனீ வரும்.

அடிக்கும் முன் இன்னொரு தடவை உற்றுப் பாருங்கள். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் முதலை மாதிரி நீண்டு, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் பொட்டோடு ஒரு புழு ஊர்ந்தால் நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்ன வந்தது. முதல் இரண்டு வருஷமும் நான் அதைத்தான் தேடித்தேடி நசுக்கிக்கொண்டிருந்தேன்.

விதை எடுக்கும்போது

செண்டுமல்லிப் பூ ஒன்றைச் செடியிலேயே முழுக்கக் காயவிடுங்கள். பழுப்பானதும் பறித்து, பூவின் அடியில் உள்ள கிண்ணம் போன்ற பகுதியைப் பிரித்து இழுத்தால் ஒவ்வொரு இதழோடும் ஒரு மெல்லிய குச்சி வரும். ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வைக்கோல் நிறம். அதுதான் விதை. நாம் ஒரு பூ என்று நினைத்தது நூற்றுக்கணக்கான சின்னப் பூக்களின் கூட்டம், இதழுக்கு ஒரு பூ. காசித்தும்பைக் காய் வேறு மாதிரி. முற்றிய காயைத் தொட்டால் போதும், பட்டென்று சுருண்டு விதையைச் சுற்றிலும் தெறிக்கவிடும். அதைக் காய்க்குக் கீழே உள்ளங்கையைக் குவித்துத்தான் எடுக்க வேண்டும். குழந்தைகள் கையில் விட்டால் விதை மிஞ்சாது, ஆனால் அடுத்த மாதம் எல்லாத் தொட்டியிலும் காசித்தும்பை முளைக்கும்.

விதையை நிழலில் ஒரு வாரம் காயவைத்து காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். உறைமேல் பெயரும் தேதியும் எழுதுங்கள், அப்போதே. அலமாரியில் பெயர் எழுதாத உறை ஒன்று கிடந்தது. என்ன விதை என்று யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, போன வாரம் ஒரு காலித் தொட்டியில் தூவினேன். இன்று காலை இரண்டு முளை வந்திருக்கிறது. இன்னும் வித்திலைதான், பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.